குனியாம நில்லுடா

என் உயரம் 5 அடி 3 அங்குலம். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் ரெடிமேட் பேண்ட் தைக்கிறவர்களுக்கு என்னைப் போல ஓர் ஆள் உலகத்தில் இருப்பதே தெரியாது. இடுப்பு 34 சரியாக இருக்கும், கால் நீளம் 32 இருக்கும். எனக்கு வேண்டியது 27½. மிச்சம் நாலரை அங்குலத்தையும் சேர்த்துத்தான் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வருவேன். அந்த மிச்சத்தை வீட்டிலேயே குறைக்கக் கற்றுக்கொண்ட கதை இது.

பள்ளியில் படித்த காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. மதுரையில் துணி எடுத்தால் நேரே புதுமண்டபம். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தில் கல் தூண்களுக்கு நடுவே வரிசையாக மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்பா அளவு கொடுக்கும்போதே, "வளர்ற பையன், கீழே மூணு இன்ச் உள்ள மடிச்சு விடுங்கண்ணே" என்பார். நான் அவ்வளவாக வளரவில்லை என்பது வேறு கதை. அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிவிட்டன. நானும் ரெடிமேடுக்கு மாறிவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன்னால், தங்கை வீட்டு விசேஷத்துக்காக ஒரு காட்டன் பேண்ட் எடுத்தேன். "ஆல்ட்டர் ஃப்ரீ சார்" என்று கடைப் பையன் ட்ரையல் ரூம் வாசலிலேயே மடித்து, ஒரு குண்டூசியைக் குத்தி, பத்து நிமிடத்தில் வெட்டித் தைத்துக் கொடுத்துவிட்டான். விசேஷத்தன்று அளவு கச்சிதம். முதல் சலவைக்குப் பிறகு போட்டுப் பார்த்தால் கணுக்கால் தெரிகிறது. என் மகன், "அப்பா, தண்ணி ஏதும் தேங்கி நிக்குதா தெருவில?" என்று கேட்டான்.

அந்தக் கடைப் பையனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காட்டன் சுருங்கும். நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினாலே 27½ அங்குலத்தில் முக்கால் அங்குலத்துக்கு மேல் போய்விடும். புதுத் துணியைத் துவைக்காமல் வெட்டச் சொன்னது நான்தான். அன்றிலிருந்து எந்தப் பேண்ட்டாக இருந்தாலும், வீட்டில் வழக்கமாக எப்படித் துவைக்கிறோமோ அப்படியே ஒரு தடவை, ஜீன்ஸ் என்றால் இரண்டு தடவை துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரிக்கோலைத் தொடுவேன்.

அப்புறம் கொரோனா ஊரடங்கு வந்தது. தையல் கடை எல்லாம் மூடிக் கிடந்தது. எதிர்வீட்டுக்காரர் செடி வளர்த்தார். நான் அம்மாவின் மிஷின் மேலிருந்த பூந்தொட்டியை எடுத்துக் கீழே வைத்தேன்.

அது கறுப்பு உஷா மிஷின், கால் மிஷின். அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்தது. நேர்த் தையல் மட்டும்தான் போடும். வளைவு வளைவாகப் போகிற ஜிக்ஜாக், பின்னால் ஓடுகிற லீவர், மோட்டார் எதுவும் கிடையாது. ஐந்தாறு வருடமாகச் சும்மா கிடந்ததால் சக்கரம் இறுகியிருந்தது. மிஷின் எண்ணெயைத் துளைகளில் எல்லாம் இரண்டு சொட்டு விட்டு, துணியைத் தள்ளும் பற்களுக்கு அடியில் பஞ்சு போல அடைந்திருந்த தூசியைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் எடுத்து, ஒரு ராத்திரி அப்படியே விட்டேன். காலையில் ஓடியது. தேங்காய் எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள், பிசினாகிவிடும். நான் முதலில் அதைத்தான் எடுத்து வந்தேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள்.

முதல் பேண்ட்டை நான் கெடுத்த விதம் இது. தரையில் விரித்து, ஒரு காலின் மேல் இன்னொரு காலை வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரே வெட்டு. நேரம் மிச்சம் என்று நினைப்பு. மேலே இருந்த கால் நழுவியது எனக்குத் தெரியவில்லை. தைத்துப் போட்டுப் பார்த்தால் முக்கால் அங்குல வித்தியாசம். சரி, நீளமான காலைக் குறைப்போம் என்று கழற்றி, திருப்பி, மறுபடி விரித்தேன். உள்பக்கம் வெளியே இருந்ததால் இடது எது வலது எது என்று தடுமாறி, ஏற்கெனவே குட்டையாக இருந்த காலையே இன்னொரு முறை வெட்டினேன். அந்தப் பேண்ட் இப்போது முழங்கால் வரைக்கும்தான் இருக்கிறது. வீட்டுக்குள் போட்டுக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு அம்மா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். மூட்டு வலியால் மிஷின் மிதிக்க முடியாது. வாய்க்கு வலி இல்லை.

தையல் போடுவது இந்த வேலையில் கடைசி ஐந்து நிமிடம்தான். முக்கால்வாசி வேலை அளவெடுப்பதில் இருக்கிறது. அதைத் தனியாகச் செய்ய முடியாது என்பதை ஒப்புக்கொள்ளவே எனக்கு மூன்று பேண்ட் ஆயிற்று. நாமே மடித்துக் குண்டூசி குத்தக் குனிகிறோம். குனிந்ததும் பேண்ட்டின் பின்பக்கம் மேலே ஏறுகிறது, முன்பக்கம் தொய்ந்து கீழே குவிகிறது. குனிந்தபடி குறித்த அளவு, நிமிர்ந்ததும் பொய்யாகிவிடும். கண்ணாடி முன் நின்று கழுத்தை மட்டும் வளைத்துப் பார்ப்பதும் இதே கதைதான்.

இப்போது எங்கள் வீட்டு முறை இப்படி. எந்தச் செருப்போ ஷூவோ அந்தப் பேண்ட்டோடு போடுவேனோ அதைப் போட்டுக்கொள்வேன். பெல்ட்டை வழக்கமாகக் கட்டும் இடத்தில் கட்டுவேன், அளவுக்காகத் தூக்கிக் கட்டுவதில்லை. தொப்பை உள்ளவர்களுக்குப் பெல்ட் அரை மணி நேரத்தில் ஓர் அங்குலம் இறங்கிவிடும். அதனால் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் கொஞ்ச நேரம் நடமாடி, ஒரு காபி குடித்துவிட்டுத்தான் நிற்பேன். பர்ஸும் போனும் பாக்கெட்டில் இருக்கும், ஏனென்றால் அவையும் இழுக்கும். மகன் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து மடித்துக் குண்டூசி குத்துவான். தேய்ந்துபோன வெள்ளைச் சோப்புத் துண்டுதான் எங்களுக்கு மார்க்கிங் சாக்பீஸ். அடர் நிறத் துணியில் நன்றாகத் தெரியும், துவைத்தால் போய்விடும்.

நான் எப்படியும் ஒரு தடவை கீழே பார்ப்பேன். "குனியாம நில்லுடா" என்று ஸ்டூலிலிருந்து சத்தம் வரும். நாற்பத்தைந்து வயதில் பிள்ளைக்கு முன்னால் வாங்கும் திட்டு.

ஆபீஸ் பேண்ட் என்றால் முன்பக்கம் ஷூ மேல் லேசாகப் படிய வேண்டும். பின்பக்கம் குதிகாலுக்குப் பக்கத்தில் தரையிலிருந்து ஒரு விரல் தள்ளி நிற்க வேண்டும். இரண்டு காலையும் தனித்தனியாகக் குறிக்கச் சொல்வேன். எனக்கு இடது கால் பக்கம் கால் அங்குலம் அதிகமாகத் தொங்குகிறது. இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் பழக்கமாக இருக்கலாம், வருடக்கணக்கில் ஒரே தோளில் பை மாட்டியதாகவும் இருக்கலாம். நிறையப் பேருக்கு இப்படி இருக்கும், அளந்து பார்த்தால்தான் தெரியும். வண்டியில் உட்காரும்போது கால் மேலே ஏறுகிறதே என்று அதற்கும் சேர்த்து நீளம் விடாதீர்கள். ஒரு தடவை அப்படி விட்டு, மாடிப்படியில் குதிகாலுக்கு அடியில் மாட்டி விழப் பார்த்தேன்.

குண்டூசி குத்தியதும் வெட்டிவிடக் கூடாது. பெரிய பெரிய ஓட்டுத் தையலாகக் கையால் போட்டு, ஒரு நாள் போட்டுப் பார்ப்பேன். ஆபீசுக்கே ஒரு நாள் அப்படிப் போய் வந்திருக்கிறேன். யாரும் கவனிக்கவில்லை.

சரி, எங்கே வெட்டுவது? முடிந்து நிற்க வேண்டிய கோடு ஒன்று, வெட்ட வேண்டிய கோடு இன்னொன்று. இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் பல பேண்ட்டுகள் சாகின்றன. ஜீன்ஸுக்கு அரை அங்குலம் மடித்து, மறுபடி அரை அங்குலம் மடிப்பார்கள். ஆக முடிவுக் கோட்டுக்குக் கீழே ஓர் அங்குலம் விட்டு வெட்ட வேண்டும். ஆபீஸ் பேண்ட்டுக்கு மடிப்பு ஒன்றரை அங்குலம் இருந்தால்தான் கனத்தில் ஒழுங்காகத் தொங்கும், விளிம்பு பிசிறாமல் உள்ளே திருப்ப அரை அங்குலம், ஆக இரண்டு. விளிம்பு பிசிறாமல் நூலால் சுற்றிக் கட்டுகிற ஓவர்லாக் அடிக்க வசதி இருந்தால் அந்த அரை அங்குலம் வேண்டாம். பள்ளி யூனிஃபார்முக்கு மூன்றரை வரை விடலாம். பயமாக இருந்தால் கூடுதலாக விடுங்கள். மறுபடி வெட்டிக்கொள்ளலாம்.

மடிப்பு ஒரே அகலத்தில் வர நான் கண்டுபிடித்த ஒரு வழியைப் பெருமையோடு சொல்கிறேன். கல்யாணப் பத்திரிகை அட்டை வீட்டில் எப்படியும் கட்டாக இருக்கும். கெட்டியான அட்டை ஒன்றை எடுத்து, சரியாக ஒன்றரை அங்குல அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டிக்கொள்ள வேண்டும். அட்டையைத் துணியின் உள்பக்கம் வைத்து, துணியை அதன் மேல் மடக்கி, இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் கத்தி போல மடிப்பு விழும். அட்டையை நகர்த்தி நகர்த்திச் சுற்றி வந்துவிடலாம். தங்க நிற மை அச்சடித்த பக்கத்தைத் துணி மேல் படும்படி வைக்காதீர்கள். சூட்டில் பிள்ளையார் பேண்ட்டில் ஒட்டிக்கொள்வார்.

கால் கீழே போகப் போகக் குறுகும் பேண்ட்டில் ஒரு சிக்கல் வரும். மடிப்பின் விளிம்பு, மேலே அது படிய வேண்டிய இடத்தைவிடச் சுற்றளவு குறைவாக இருக்கும். வலுக்கட்டாயமாகத் தைத்தால் வெளியே சுருக்கம் விழும். அதற்கு, மடிப்புக்குள் போகும் பகுதியில் மட்டும் பக்கத் தையலைப் பிரித்துவிட்டு விரிய விட்டால் போதும். வெளியே தெரியாது.

இனி மிஷின். இப்போது வரும் மிஷின்கள் பலவற்றில் கால் குழாயை மாட்டிச் சுற்றுவதற்கு ஒரு சிறிய கை நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் கறுப்பு மிஷினுக்கு அது இல்லை, தட்டையான மேடைதான். குறுகலான பேண்ட் காலை அதில் எப்படிச் சுற்றுவது? முதல் வாரம் குழாயை நசுக்கி வைத்துத் தைத்து, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்தே தைத்துவிட்டேன். கால் நுழையவில்லை.

பேண்ட் காலை ஒரு கிண்ணம் போல நினைத்துக்கொள்ளுங்கள். ஊசிக்குப் பக்கத்தில் துணியை அழுத்திப் பிடிக்கும் மிஷினின் பாதம் அந்தக் கிண்ணத்துக்குள் இறங்க வேண்டும். துணி சுற்றி மேலே எழும்பி நிற்கும். நாம் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டே தைக்கலாம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பேண்ட் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி வைத்துத் தைத்தால், வெளியே தெரிவது அடியிலிருந்து வரும் பாபின் நூலின் தையல். பேண்ட்டை உள்வெளியாகத் திருப்பிவிட்டுத் தைத்தால் வெளியே தெரிவது ஊசி நூல். ஜீன்ஸுக்கு இரண்டாவது முறைதான் நல்லது, ஏனென்றால் அந்தத் தடித்த ஆரஞ்சு நூலை ஊசியில் போட்டு, பாபினில் சாதாரண நூலை வைத்துக்கொள்ளலாம். தடித்த நூல் கிடைக்கவில்லை என்றால் சாதாரண நூலில் இரண்டு இழையை ஒரே ஊசியில் கோத்தாலும் தூரத்திலிருந்து பார்க்க அப்படியே இருக்கும். ஆனால் இந்த முறையில் மடிப்பு அடியில் போய்விடுவதால் கண்ணுக்குத் தெரியாது. அதற்காக ஊசியிலிருந்து அளந்து, மிஷின் மேடையில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறேன். விளிம்பு டேப்பை ஒட்டியே போனால் தையல் நேராக விழும்.

ஊசி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வீட்டு மிஷின்களில் வழக்கமாக இருப்பது 14ஆம் நம்பர். காட்டன் பேண்ட்டுக்கு 16, ஜீன்ஸுக்கு 18. ஊசியில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பக்கத்திலிருந்துதான் நூலைக் கோக்க வேண்டும். மாற்றிக் கோத்தால் தையலே பிடிக்காது, நாம் நூலின் டென்ஷனைத் திருகித் திருகி நம் டென்ஷனை ஏற்றிக்கொள்வோம். தையலையும் கொஞ்சம் நீளமாக, அங்குலத்துக்கு ஏழெட்டு விழும்படி வையுங்கள். பொடித் தையல் ஜீன்ஸில் பார்க்க அசிங்கமாக இருக்கும், பிரிக்க வேண்டி வந்தால் உயிரும் போகும்.

ஜீன்ஸின் உள்பக்கத் தையல்தான் பெரிய சோதனை. ஒன்றுக்குள் ஒன்று மடங்கிய அந்த முதுகில் துணி நான்கு அடுக்கு. கீழே இரண்டு மடிப்பு மடித்ததும் அது மூன்று மடங்கு, பன்னிரண்டு அடுக்கு. பாதம் அந்த மேட்டில் ஏறும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பின்பக்கம் பிடிமானம் இல்லாமல் துணி நகராது. ஒரே இடத்தில் நாலு குத்து விழுந்து நூல் முடிச்சாகும். நாம் வேகமாக மிதிப்போம். ஊசி டப்பென்று ஒடியும். எனக்கு ஒடிந்த துண்டு மூக்குக் கண்ணாடியில் வந்து பட்டது. கண்ணாடி போடாதவர்கள் அந்த இடத்தில் முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

அம்மா சொன்ன வைத்தியம் குழவி. மேட்டின் மேல் பழைய துணி ஒன்றைப் போட்டு, வாசல்படிக் கல்லில் வைத்து, சின்னக் குழவியால் பத்துப் பதினைந்து தட்டு. அடுக்குகள் படிந்து பாதி உயரமாகிவிடும். அப்புறம் மிஷினில், பாதம் மேட்டில் ஏறத் தொடங்கியதும் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, அதன் பின்பக்கத்துக்கு அடியில் அதே கல்யாணப் பத்திரிகை அட்டையை நாலாக மடித்துச் செருகுவேன். பாதம் சமமாகிவிடும். அங்கிருந்து காலால் மிதிப்பதில்லை; சக்கரத்தைக் கையால் என் பக்கமாகச் சுற்றி, ஒவ்வொரு குத்தாக மேட்டைக் கடப்பேன். இறங்கும்போது அட்டை முன்பக்கத்துக்குப் போகும். தையலை அந்த மேட்டில் ஆரம்பிக்காமல் அதைத் தாண்டிய இடத்தில் ஆரம்பிப்பது நல்லது. சுற்றி வந்து ஆரம்பித்த தையலின் மேலேயே ஓர் அங்குலம் ஓட்டி முடித்தால், பின்னால் போகும் லீவர் இல்லாத குறை தெரியாது.

கடையில் வாங்கிய ஜீன்ஸின் அடி ஓரம், வெளுத்து நெளிநெளியாக இருக்குமே, அது போகக் கூடாது என்று என் மகனுக்குப் பிடிவாதம். அதற்கும் வழி உண்டு. இரண்டு அங்குலம் குறைக்க வேண்டும் என்றால், ஜீன்ஸை வெளிப்பக்கமாக மடித்து, பழைய ஓரத் தையலின் மேல் கோட்டிலிருந்து மடிப்பு வரைக்கும் ஓர் அங்குலம் இருக்கும்படி வைக்க வேண்டும். குறைக்க வேண்டியதில் பாதி. பழைய ஓரத்தின் அகலத்தை இதில் சேர்க்கக் கூடாது, நான் சேர்த்து ஏமாந்தேன். பிறகு அந்தப் பழைய தையலை ஒட்டினாற்போல, அதன் மேல் ஏறாமல், சுற்றித் தைத்து, ஓரத்தைக் கீழே இழுத்துவிட்டால் பழைய விளிம்பு அப்படியே நிற்கும். உள்ளே இருக்கும் மிச்சத்தை வெட்டி ஓரம் அடித்துவிடலாம். இரண்டு மூன்று அங்குலம் வரைக்கும் இது அழகு. என் அளவுக்கு நாலரை வெட்டினால் மட்டும், முழங்காலுக்கென்று கம்பெனிக்காரன் வெளுக்க வைத்த இடம் என் முழங்காலுக்குக் கீழேதான் வரும். அதற்குத் தையல் மிஷினில் மருந்து இல்லை. வாங்கும்போதே ஒரே நிறமான ஜீன்ஸ் எடுப்பதுதான்.

ஆபீஸ் பேண்ட்டை மிஷினில் முடிக்காதீர்கள் என்பது என் கட்சி. அடியில் சுற்றி ஒரு கோடு ஓடினால் நல்ல பேண்ட்டும் யூனிஃபார்ம் ஆகிவிடும். விளிம்பைத் திருப்பித் தைப்பதோடு மிஷின் வேலை முடிந்தது. மடிப்பைக் காலோடு சேர்ப்பதற்குக் கை ஹெம்மிங். வெளித் துணியில் ஓர் இழையை மட்டும் ஊசி முனையில் எடுத்து, நூலை இறுக்காமல் விட வேண்டும். இறுக்கினால் வெளியே புள்ளி புள்ளியாகக் குழி விழும். அம்மா சீரியல் பார்த்துக்கொண்டே ஒரு காலை முடித்துவிடுவாள். எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது.

யூனிஃபார்ம் பேண்ட்டை இறக்குவது வேறு பாடு. மகன் ஏழாம் வகுப்பில் ஒரே வருடத்தில் இரண்டரை அங்குலம் வளர்ந்தான், என் குடும்பத்தில் இது சாதனை. மடிப்பைப் பிரித்து இறக்கியதும் பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு. வினிகர் கலந்த தண்ணீரில் நனைத்த துணியை மேலே போட்டு இஸ்திரி போட்டதில் மடிப்புத் தழும்பு போனது. உரசி உரசி வெளுத்த நிறம் போகவில்லை. அந்தக் கோட்டின் மேலேயே அதே நிற நூலில் இரண்டு வரி தையல் ஓட்டினேன், டிசைன் போல. மறு வாரம் அவன் வகுப்பில் இன்னொரு பையன் அதே மாதிரி வேண்டும் என்று வீட்டில் கேட்டிருக்கிறான்.

எங்கள் தெருவில் ஒரு பேண்ட் குறைக்க 60 ரூபாய் வாங்குகிறார்கள். கணக்குப் பார்த்தால் ஊசி, நூல், கெடுத்த துணி எல்லாம் சேர்த்து எனக்கு முதல் வருடம் நஷ்டம்தான். கோட்-சூட்டின் பேண்ட், உள்ளே லைனிங் கொடுத்தது, பக்கவாட்டில் ஜிப் வைத்தது என்றால் இன்றைக்கும் தையல்காரரிடமே கொடுக்கிறேன். பனியன் துணியில் தைத்த டிராக் பேண்ட்டும் நம் நேர்த் தையல் மிஷினுக்கு ஆகாது. இழுத்தால் நூல் அறுந்துவிடும்.

வெட்டிய துண்டுகளை மட்டும் வீசிவிடாதீர்கள். ஜீன்ஸ் முதலில் கிழிவது தொடை இடுக்கில்தான். அப்போது அதே நிறத்தில், அதே கனத்தில் துணி தேடி எங்கே போவது? அம்மா ஒரு பழைய பிஸ்கட் டின் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு பேண்ட்டின் துண்டையும் சுருட்டி, எந்தப் பேண்ட் என்று தாளில் எழுதிக் குண்டூசியால் குத்தி அதில் போடுவாள். போன மாதம் அடர் நீல ஜீன்ஸ் கிழிந்தபோது டின்னைத் திறந்தேன். நீலச் சுருளுக்குப் பக்கத்தில் ஒரு காக்கிச் சுருள், தாளில் அம்மாவின் கையெழுத்து: "தம்பி முதல்ல கெடுத்தது. ரெண்டு துண்டு."